நம்மட கடை, நம்மட சட்டமா?



பதிவு கொஞ்சம் நீளம். சீசன் நேரம், எல்லோருக்கும் வேலை இருக்கிறது. ஆனாலும் கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுத் திட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்ல நேரமில்லை.

சென்ற வாரம் நம் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய ஒரு குரல் பதிவை நாம் எல்லோரும் கேட்டோம். அறுகம்பேயில் நம்மவர் ஒருவர் நடத்தும் ஹோட்டல். பெயர் எழுதப் போவதில்லை, ஆளை அவமானப்படுத்துவது நோக்கமில்லை. திருக்கோவில் பக்கத்துத் தமிழ்ப் பொடியன் ஒருவன் சீசன் தொடங்கிய நாளிலிருந்து அங்கே குசினியில் வேலை. பாத்திரம் கழுவ, மரக்கறி வெட்ட, தேங்காய் துருவ என்றுதான் எடுத்தார்கள். இறைச்சி வெட்டுகிறவர் வராத ஒரு நாள், அவனை மாட்டிறைச்சி வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். கதிர்காமத்துக்கு விரதம் பிடித்திருந்த நாட்கள். "நானா, இத மட்டும் ஏலாது. வேற எந்த வேலை சொன்னாலும் செய்றன்" என்றிருக்கிறான். பின்னேரமே உடுப்பு பேக்கோடு ரோட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 19 நாள் சம்பளம் இன்னும் கொடுபடவில்லை.

இதைப் பற்றித்தான் அந்தக் குரல் பதிவு. "வேலை வேணுமெண்டா சொல்றதச் செய்யணும். நம்மட கடை, நம்மட சட்டம். இனிமே நம்மட பொடியன்மார மட்டும் எடுங்க." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அந்தக் கட்டைவிரல்களில் பள்ளி நிர்வாகத்தில் இருக்கிறவர்களும் இருந்தார்கள், எங்களோடு படிப்பிக்கிறவர்களும் இருந்தார்கள். எழுத வேண்டி வந்தது அதனால்தான்.

இதே குழுவில் சில மாதங்களுக்கு முன் என்ன நடந்தது? நம் ஊர்ப் பொடியன் ஒருவன் தென்பகுதிக் கரையோர ஹோட்டல் ஒன்றில் வேலைக்குப் போனான். ரூம் போயாக எடுத்துவிட்டு பியர் போத்தல் தட்டைத் தூக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றான். வேலை போய்விட்டது. அன்று நாம் என்ன எழுதினோம்? அநியாயம் என்று எழுதினோம். மத உரிமை என்று எழுதினோம். ஒரு லோயரைப் பிடிக்கலாமா என்றுகூடக் கேட்டோம். சரியாகத்தான் எழுதினோம். அந்தப் பொடியனின் ஈமானை மெச்சினோம். அதிலும் தப்பில்லை.

இப்போது கேள்வி இதுதான். பியர் தட்டைத் தூக்க மாட்டேன் என்ற நம் பொடியன் மானஸ்தன் என்றால், மாட்டிறைச்சியில் கத்தி வைக்க மாட்டேன் என்ற திருக்கோவில் பொடியன் யார்? இரண்டு பேரும் வேலைக்குச் சேரும்போது சொல்லப்படாத வேலை. இரண்டு பேரும் வேறு எதுவும் செய்கிறேன் என்றார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை போனது. வித்தியாசம் முதலாளி யார் என்பது மட்டும்தான்.

நம் ஞாபகத்துக்காகச் சிலதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் என்ன நடந்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. முஸ்லிம் ஹோட்டல் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்ற ஒரு பொய். ஹோட்டலில் வேலைக்கு நின்றவரைச் சூழ்ந்துகொண்டு ஆம் என்று தலையாட்ட வைத்தார்கள். பள்ளிவாசலும் கடைகளும் அடிபட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துப் பார்த்தால், அது மாவுக் கட்டி.

அதே வருடம் ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. அபாயா அணிந்து வந்த நம் சகோதரிகளுக்கு எதிராக வாசலில் ஆர்ப்பாட்டம். இந்துப் பாடசாலைக்கு இந்து மரபுப்படி சாரிதான் கட்டி வர வேண்டும் என்றார்கள். அந்த ஆசிரியைகள் வேறு பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போனார்கள். 2019இல் ஆணைக்குழு அவர்களின் உரிமை மீறப்பட்டிருக்கிறது, அபாயாவோடு கடமை செய்ய விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும் 2022 பெப்ரவரியில் கடமையேற்கப் போன ஆசிரியைக்கு அந்த வாசலில் நடந்த கலவரத்தை நாடே பார்த்தது.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த மாதங்களைச் சொல்லவே வேண்டாம். மே மாத இறுதியில் அரச அலுவலகப் பெண்கள் சாரி அல்லது ஒசரிதான் அணிய வேண்டும் என்று 13/2019 சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு வந்த பிறகே, முகம் தெரியும்படி சமய உடை அணியலாம் என்று திருத்தினார்கள். குருநாகலில் டாக்டர் ஷாபி தான் வேலை செய்த வைத்தியசாலையின் பெயராலேயே குற்றவாளியாக்கப்பட்டார். தங்கொட்டுவ வாரச் சந்தைக்கு முஸ்லிம் வியாபாரிகள் வரக் கூடாது என்று வென்னப்புவ பிரதேச சபை கடிதம் கொடுத்தது.

அந்த நாட்களில் நம் காதில் விழுந்த வசனம் எது? "எங்கட ஊர், எங்கட சந்தை, எங்கட சட்டம். இஷ்டமில்லாட்டி போ." அந்த வசனத்தைச் சொன்னவர்களை நாம் இனவாதிகள் என்றோம். இன்று அதே வசனத்தை நம் தமிழில் ஒருவர் பேசி அனுப்ப, நாம் கட்டைவிரல் போடுகிறோம்.

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லி நாங்கள் தப்பிக்க முடியாது. ஆசிரியர்களாகிய எங்கள் கணக்கையும் எழுதிவிட வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் படிப்பித்த ஒரு பாடசாலைக்கு ஒரு தமிழ் டீச்சர் இடமாற்றத்தில் வந்தார். கணிதம். நன்றாகப் படிப்பிப்பார், பின்னேர வகுப்புக்கும் காசு வாங்காமல் நிற்பார். பொட்டு வைத்து, சாரி கட்டி வருவார். ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் ஒரு மூத்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், இது முஸ்லிம் ஸ்கூல்தானே. பொட்டைக் கொஞ்சம் சின்னதா வெச்சா நல்லம், பிள்ளைகள் பாக்குதுகள்." அந்த அறையில் நாங்கள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தோம். ஒருவர் கொப்பி திருத்தினார், ஒருவர் போனைப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த டீச்சர் "சரி சேர்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வருடம் இடமாற்றம் கேட்டு எழுதினார், கிடைத்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாதி வருடம் கணித ஆசிரியர் இல்லாமல் இருந்தார்கள்.

அந்தச் சம்பவம் நடந்தது திருகோணமலைப் பிரச்சினைக்காக நாங்கள் எல்லோரும் முகநூலில் படம் மாற்றிய காலத்துக்குப் பிறகுதான். அங்கே "இது இந்து ஸ்கூல்தானே" என்ற வசனம் எங்களைச் சுட்டது. இங்கே "இது முஸ்லிம் ஸ்கூல்தானே" என்ற வசனம் எங்களுக்குப் பகிடியாக இருந்தது. திருகோணமலையில் வாசலில் நின்று கத்தினார்கள், எங்கள் பாடசாலையில் மெதுவாகச் சிரித்துக்கொண்டு சொன்னோம். வெளியேறிய ஆசிரியைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இனி, வரப்போகும் பதில்களுக்கு வருவோம். நமக்குத் தெரியும் என்னென்ன வரும் என்று.

முதலாவது: "என் காசு, என் கடை, நான் வைத்ததுதான் சட்டம்."

நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால் முதலான காரணங்களால் பாரபட்சம் கூடாது என்கிறது. 12(3) கடை, ஹோட்டல் போன்ற இடங்களுக்குள் போவதற்கு அதே காரணங்களால் தடை கூடாது என்கிறது. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவது அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான். சண்முகாவில் ஆசிரியைகள் போராட முடிந்தது அது அரச பாடசாலை என்பதால். தனியார் ஹோட்டலில் வேலை போன பொடியனுக்கு அந்தக் கதவு இல்லை. வேலையில் பாரபட்சம் கூடாது என்ற சர்வதேச தொழில் அமைப்பின் 111ஆம் சமவாயத்தை 1998இல் இலங்கை ஏற்றுக்கொண்டது, ஆனால் தனியார் முதலாளியைத் தட்டிக்கேட்கும் பொதுவான சட்டம் நம்மிடம் இல்லை.

இந்த ஓட்டையில் அதிகம் விழுகிறவர்கள் யார்? நாம்தான். கொழும்பிலும் கண்டியிலும் கட்டுநாயக்கவிலும் பிறரின் கம்பனிகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் எத்தனை ஆயிரம்? தலையில் ஸ்காஃப் போட்டதால் நேர்முகப் பரீட்சையோடு திரும்பி வந்த நம் மகள்மார் எத்தனை பேர்? முதலாளியின் இஷ்டம்தான் சட்டம் என்று நாம் இங்கே ஒப்புக்கொண்டால், அங்கே அவர்களுக்காக எந்த வாயால் பேசுவது?

இரண்டாவது: "முஸ்லிம் ஹோட்டல் என்று தெரிந்துதானே வந்தான்?"

இந்துப் பாடசாலை என்று தெரிந்துதானே வந்தீர்கள் என்று நம் சகோதரிகளிடமும் கேட்டார்கள். அது நியாயமில்லை என்றோம். தெரிந்துதான் வந்தான். ஹலால் குசினி, பன்றி இறைச்சி உள்ளே வராது, சாராயம் வராது என்று தெரிந்து வந்தான். அதில் எதையும் அவன் மீறவில்லை. தேங்காய் துருவ வந்தவனுக்கு மாட்டிறைச்சி வெட்டும் வேலை தெரிந்து வந்ததில் சேராது.

மூன்றாவது: "அவங்க நமக்குச் செய்யலையா?"

செய்தார்கள். அதைத்தான் மேலே எழுதினோம். ஆனால் ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவற வைக்கக் கூடாது என்று ஸூரத்துல் மாயிதாவின் 8ஆவது வசனம் கட்டளையிடுகிறது. நம்மோடு போர் செய்யாதவர்களுக்கு நன்மை செய்வதையும் அவர்களோடு நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று ஸூரத்துல் மும்தஹினா சொல்கிறது. இதை ஜும்ஆ மேடையில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, மேசையில் உட்கார்ந்ததும் மறந்துவிட்டால் அந்த ஜும்ஆ எதற்கு? அதோடு, சண்முகா வாசலில் கத்தியது இந்தப் பொடியன் இல்லை. அப்போது அவன் பள்ளிக்கூடப் பிள்ளை.

நான்காவது: "சீசனில் ஆளாளுக்கு லீவு, ஆளாளுக்கு விரதம் என்றால் வியாபாரம் எப்படி ஓடும்?"

இதுதான் கொஞ்சமாவது பதில் சொல்ல வேண்டிய கேள்வி. கதிர்காமப் பாத யாத்திரை பொத்துவில், பாணமை, உகந்தை, குமண காட்டு வழியாகப் போகிறது. அது நடப்பது சரியாக நம் சீசனின் நடுவில். வெள்ளைக்காரர் அலைக்கு வரும் அதே நாட்களில் தமிழ்ப் பொடியனுக்கு உகந்தைக்குப் போக மனம் இழுக்கும். கஷ்டம்தான், மறுக்கவில்லை.

ஆனால் மறுபக்கத்தைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நாம் எல்லோரும் பள்ளிக்குப் போய்விடுகிறோம். ஒன்றரை வரைக்கும் உல்லையில் ஹோட்டல் பூட்டியா கிடக்கிறது? இல்லை. கல்லாவில் யார் நிற்கிறார்? குசினியில் யார்? திருக்கோவில் பொடியனும் பாணமைப் பொடியனும்தான். நோன்பு மாதத்தில் பகல் சாப்பாடு கேட்டு வரும் சுற்றுலாப் பயணிக்குச் சமைக்கும்போது கறிக்கு உப்புப் பார்ப்பது யார்? பெருநாள் அன்று காலையில் நாம் தக்பீர் சொல்லிக்கொண்டு இருக்கும்போது விருந்தினருக்குத் தேத்தண்ணி ஊற்றுவது யார்? நம் மார்க்கத்தை நாம் நிம்மதியாகக் கடைப்பிடிக்க அவர்கள் நம் வேலையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். "நம்மட பொடியன்மார மட்டும் எடுங்க" என்று குரல் பதிவு போட்டவர், அப்படி எடுத்தபின் வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டுவாரா, ஜும்ஆவை விடுவாரா?

சட்டம் இதிலும் பெரிதாக உதவாது. அரசாங்க வேலையில் நமக்கு ஜும்ஆவுக்குப் போக நேரம் இருக்கிறது, றமழானில் தொழுகைக்கு ஏற்றபடி ஒழுங்கு செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை வருகிறது, கணவரை இழந்த நம் சகோதரிகளுக்கு இத்தா லீவு இருக்கிறது, முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறையைச் சேர்த்துத் தனித் தவணை அட்டவணையே இருக்கிறது. தனியாரில் அப்படியில்லை. நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், தீபாவளி, மகா சிவராத்திரி எல்லாம் அரச, வங்கி விடுமுறைதான். வர்த்தக விடுமுறை இல்லை. மீலாதும் தைப்பொங்கலும் நத்தாரும்தான் வர்த்தக விடுமுறைப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது கடையில் வேலை செய்யும் தமிழருக்குத் தீபாவளிக்கு லீவு கிடைப்பது முதலாளியின் மனதைப் பொறுத்தது. கொழும்பில் வேறொருவரின் கடையில் வேலை செய்யும் நம் பிள்ளைக்குப் பெருநாள் லீவு கிடைப்பதும் அப்படித்தான். ஒரே தராசில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம்.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வேலைக்காரரின் கதையை ஞாபகப்படுத்த வேண்டும். ஹிஜ்ரத்தின்போது குறைஷிகள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களைப் பிடித்துத் தருபவருக்கு நூறு ஒட்டகம் என்று விலை வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் அப்துல்லாஹ் இப்னு உரைகித். அவர் முஸ்லிம் இல்லை, குறைஷிகளின் மதத்திலேயே இருந்தவர். இரண்டு ஒட்டகங்களை முன்கூட்டியே அவரிடம் ஒப்படைத்தார்கள், மூன்று இரவுகளின் பின் தவ்ர் குகைக்கு வரச் சொன்னார்கள். சொன்னபடி வந்தார். நூறு ஒட்டகத்துக்கு ஆசைப்படவில்லை. அவர் ஈமான் கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போடப்படவில்லை. பார்க்கப்பட்டது இரண்டுதான், வழி தெரியுமா, நம்பிக்கையானவரா. இது ஸஹீஹுல் புகாரியில் கூலிக்கு அமர்த்துவது பற்றிய பாடத்தில் இருக்கிறது.

கூலி விஷயம் அதைவிடக் கடுமை. வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்லும் ஹதீஸ் குத்ஸி நம் மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஹதீஸில் கூலிக்காரர் எந்த மதம் என்று பிரிக்கவில்லை. இந்தப் பொடியனின் 19 நாள் சம்பளம் யாருடைய பெட்டியில் இருக்கிறதோ, அந்தப் பெட்டியிலிருந்து போகும் ஸதகாவும் உம்ராவும் எங்கே போய் நிற்கும் என்று அவரே யோசிக்கட்டும்.

எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. முதலாளிக்கும் எல்லை வைக்க உரிமை உண்டு. குசினி ஹலாலாக இருக்க வேண்டும் என்பது வேலையின் விதி. நேரத்துக்கு வர வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், விருந்தினரிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்பதெல்லாம் வேலையின் விதி. நெற்றியில் பொட்டு, கையில் நூல், கழுத்தில் சிலுவை, விரதம், இவை ஆளின் நம்பிக்கை. பொட்டு வைத்த பெண் புடவை விற்றால் புடவை பழுதாகாது. முதலாவதில் கண்டிப்பாக இருப்போம். இரண்டாவதில் கை வைக்க நமக்கு உரிமையில்லை. நம் மகளின் ஸ்காஃபில் கை வைக்க எவருக்கும் உரிமையில்லை என்று சொல்வது இதே காரணத்தால்தான்.

ஆகவே நாம் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை.

ஒன்று, அந்தப் பொடியனின் 19 நாள் சம்பளம் இந்த வெள்ளிக்கிழமைக்குள் கையில் கொடுபட வேண்டும். ஹோட்டல்கார நானா இதை வாசிப்பார் என்று தெரியும். நீங்கள் கெட்டவர் இல்லை. சீசன் டென்ஷனில் செய்துவிட்டீர்கள். கூப்பிட்டுக் கொடுங்கள், முடிந்தால் வேலையையும் திருப்பிக் கொடுங்கள்.

இரண்டு, வேலைக்கு எடுக்கும்போதே என்ன வேலை என்று எழுதிக் கொடுப்போம். இறைச்சி வெட்டச் சம்மதமா என்று முதல் நாளே கேட்போம். நம் பிள்ளைகளிடம் சாராயம் பற்றி வெளி ஹோட்டல்கள் முதல் நாளே கேட்க வேண்டும் என்றும் கேட்போம்.

மூன்று, ஒவ்வொரு கடையிலும் ஹோட்டலிலும் பெருநாள் மாற்றுப் பட்டியல் ஒன்று தொங்கட்டும். பெருநாளுக்கு அவர்கள் நிற்கட்டும், தீபாவளிக்கும் சிவராத்திரிக்கும் உகந்தைத் திருவிழாவுக்கும் நாம் நிற்போம். வெசாக்குக்குப் பாணமைப் பொடியன் வீட்டுக்குப் போகட்டும். இதற்கு முதலாளியின் பொக்கெட்டிலிருந்து ஒரு சதம் செலவில்லை.

நான்கு, பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒரு ஜும்ஆவை வேலைக்காரரின் ஹக்குக்காக ஒதுக்க வேண்டும். கதீப்மார் முஸ்லிம் வேலைக்காரரின் ஹக் என்று சுருக்கிச் சொல்லாமல் முழுதாகச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது எங்களுக்கு, ஆசிரியர்களுக்கு. அந்தக் கணித டீச்சர் இப்போது எங்கே படிப்பிக்கிறார் என்று விசாரித்துவிட்டோம். அன்று ஸ்டாஃப் ரூமில் வாய் மூடி இருந்தவர்களில் நாலு பேர் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறோம். மன்னிப்புக் கேட்கப் போகிறோம். வாசலில் நிற்க வைத்தே அனுப்பினாலும் அது அவருடைய உரிமை. அன்று அந்த அறையில் இருந்த மற்றவர்களும் இதை வாசிப்பீர்கள். வருவதென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள், வேனில் இடம் இருக்கிறது.

கருத்து மாறுபட்டால் கீழே எழுதுங்கள். பொடியனின் பெயர், ஹோட்டலின் பெயர் மட்டும் யாரும் போட வேண்டாம். போட்டால் அழித்துவிடுவோம்.

நம் பிள்ளைகள் போகிற ஊரிலெல்லாம் அவர்களுக்கு நீதியான முதலாளிமாரை அல்லாஹ் கொடுக்கட்டும். நம்மிடம் வருகிற பிள்ளைகளுக்கு நம்மையும் அப்படி ஆக்கட்டும். ஆமீன்.